கம்பி உருவாத டயர்

விசில் ஊதியதும் ஷெட்டில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். அவர் மட்டும் நிற்கவில்லை. தோளில் ஒரு கார் டயர், கையில் ஒரு கார் டயர் என்று, லாரி ஸ்டாண்டில் நடக்கிற அதே நடையில் மெஷினை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். இரண்டாவது விசில் காதைக் கிழித்த பிறகுதான் அது தனக்கான விசில் என்று புரிந்து நிமிர்ந்தார். மேடைமேல், பொத்தான் பெட்டிக்குப் பக்கத்தில், மஞ்சள் ஹெல்மெட்டும் காதுக் கவசமுமாக அவர் மனைவி நின்றிருந்தாள். விரலை நீட்டித் தரையைக் காட்டினாள். அங்கே ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தது. மெஷின் ஓடும்போது அதைத் தாண்டக்கூடாது. அவர் தாண்டி நன்றாகவே உள்ளே வந்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரைப் பார்த்து விரல் நீட்டியதில்லை. டயர்களோடு பின்னால் நகர்ந்து, கோட்டுக்கு வெளியே நின்று, சுற்றிலும் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பதிலுக்கு ஏதாவது எடுத்துவிட்டுச் சமாளித்திருப்பார்.

ஷெட்டில் அது அவருக்கு முதல் நாள்.

அதுவரைக்கும் அவர் பத்துச் சக்கர லாரி ஓட்டியவர். பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசினாலும் எதிர் லாரிக்காரனிடம் பேசுகிற மாதிரிதான் பேசுவார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவருக்கு ‘ஹாரன்’ என்று பெயர் விழுந்துவிட்டது. அவர் மனைவி அங்கே எல்லோருக்கும் அக்கா. அக்கா புருஷன் மாமா அல்லவா, அதனால் சாயங்காலத்துக்குள் அது ‘ஹாரன் மாமா’ ஆனது. அவரைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். முதலாளிக்கு அவரைவிட வயது ரொம்பக் குறைவு. அவரும் மாமா என்றே கூப்பிட்டார்.

வீட்டில் அவர் ஒரு விருந்தாளி மாதிரியே இருந்து பழகியவர். லோடை இறக்கிவிட்டு வருவார், குளிப்பார், தூங்குவார், மகளுக்கு வாங்கி வந்ததைக் கொடுப்பார், கிளம்பிவிடுவார். மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் மனைவி டயர் கம்பெனிக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். ஒரு தடவை ஏதோ ஒரு டீக்கடை வாசலிலிருந்து போனில் கேட்டார்.

“டயர் கம்பெனில என்ன செய்யுற?”

“டயரைக் கிழிக்கிறோம்.”

“கிழிச்சு?”

“கிழிச்சதை விக்கிறோம்.”

“நான்தான் ஓட்டியே கிழிக்கிறேனே, அதுக்கு ஒரு கம்பெனியா?” என்று சொல்லிச் சிரித்தார். டீக்கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அதற்குமேல் அதைப் பற்றி அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. மகள் வளர்ந்து, கல்யாணமாகி, வேறு ஊருக்குப் போனாள். மனைவி டயர் பிரிக்கிற இடத்திலிருந்து பெல்ட்டுக்கும், பெல்ட்டிலிருந்து மேடைக்கும் ஏறிப்போனது எந்த வருடம் என்றுகூட அவருக்குத் தெரியாது. சர்க்கரை வியாதி அவருடைய இடது கண்ணைப் பிடித்தது. முதலில் அந்தப் பக்கம் பனி மூட்டம் மாதிரி இருந்தது. பிறகு அந்தப் பக்கமே இல்லாமல் போனது. லைசென்ஸும் அதோடு போனது. ஆள் வீட்டில் உட்கார்ந்து, காலையில் டி.வி.யையும் மாலையில் தெருவையும் பார்க்க ஆரம்பித்தபோது அவள்தான் சொன்னாள்: “ஷெட்ல ஆள் எடுக்கறாங்க. வர்றீங்களா?”

அவர் கொஞ்சம் பந்தா பண்ணிவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார். தன்னை மாதிரி நாலு இடம் பார்த்த ஆளை எதையாவது மேற்பார்வை பார்க்கத்தான் விடுவார்கள் என்று நினைத்திருந்தார். போன உடனே ஒரு ஜோடி கையுறையும், டயர் இழுக்க ஒரு கொக்கியும் கொடுத்தார்கள்.

அந்த மெஷினை அவர் முதலில் மதிக்கவே இல்லை. மேலே வாயகன்ற ஒரு இரும்புத் தொட்டி. அதன் அடியில், ஆள் இடுப்புக் கனத்தில் இரண்டு தண்டுகள் ஒன்றையொன்று பார்த்துப் படுத்திருக்கும். தண்டு நெடுக வரிசையாகப் பல் சக்கரங்கள். அவ்வளவு பெரிய மோட்டாரை வைத்துக்கொண்டு அது சுற்றுகிற வேகமோ, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற வேகம். டயர் உள்ளே விழுந்ததும் பற்களின்மேல் துள்ளும். ஒரு பக்கம் சாயும், மறுபக்கம் புரளும், வெளியே குதித்து ஓடிவிடப் போகிறது என்று தோன்றும். எப்படியும் ஒரு பல் அதன் ஓரத்தைப் பிடித்துவிடும். அப்புறம் அவசரமே இல்லை. முனகிக்கொண்டே டயர் உள்ளே போகும். கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புத் துண்டுகளாக பெல்ட்டில் விழும். பெல்ட்டின் நடுவே தொங்கும் காந்தம், துண்டுகளோடு வருகிற கம்பித் துணுக்குகளை எடுத்துத் தன் வயிற்றில் ஒட்டிக்கொள்ளும். துண்டுகள் வெளியே குவிந்து, எரிபொருளாக ஒரு பெரிய தொழிற்சாலைக்கு லாரியில் போகும்.

“இவ்வளவுதானா உன் மெஷின்? நான் பெரிசா ஓடும்னு நெனச்சேன்” என்றார் அவர் முதல் நாள் ராத்திரி சாப்பிடும்போது.

“மெதுவா சுத்துதேன்னு பாக்காதீங்க” என்றாள் அவள். “உங்க லாரி பிரேக் போட்டா நிக்கும். அது பிடிச்சதை விடாது.”

வேலை அவருக்குச் சீக்கிரமே படிந்துவிட்டது. அதிலும் டயரைப் பார்த்து அது எந்தச் சக்கரத்தில் ஓடியது, வண்டிக்காரன் எப்படிப்பட்டவன் என்று சொல்வதில் அவரை அடிக்க அங்கே ஆளில்லை. “இந்த ஓரம் மட்டும் தேஞ்சிருக்கு பாரு, வீல் அலைன்மென்ட்டே பாக்காத பய. இது நடுவுல தேஞ்சிருக்கு, காத்தைக் கல்லு மாதிரி அடிச்சு வெச்சிருக்கான்.” டயர் இழுக்கும் மற்ற ஆட்கள் சுற்றி நின்று கேட்பார்கள். அதில் ஒருவர் ஒல்லியாக, உயரமாக, லேசாக முன்னால் வளைந்திருப்பார். அவரையே எல்லோரும் ‘கொக்கி’ என்றுதான் கூப்பிட்டார்கள். கொக்கி அதிகம் பேசமாட்டார். பல்குச்சியைக் கடித்துக்கொண்டு, “டயர் ஜோசியம்” என்பார், அவ்வளவுதான். ஹாரன் மாமாவுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் மேடையிலிருந்து மனைவியின் குரல் வரும்போதெல்லாம் உள்ளுக்குள் ஏதோ ஒன்று நெருடியது. வீட்டில் அவள் குரல் அடுத்த அறைக்குக் கேட்காது. இங்கே, அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும், அவள் ஒரு வார்த்தை சொன்னால் ஷெட்டின் கோடிவரை போய் நின்றது. இத்தனை வருடமாக அந்தக் குரல் எங்கே இருந்தது என்று அவர் யோசித்துப் பார்த்தார். தான் ஊரில் இல்லாதபோது இங்கே இருந்திருக்கிறது.

லாரி டயரை அப்படியே தொட்டியில் போடக்கூடாது. அதன் உள்விளிம்பில், ரிம்மைக் கவ்விப் பிடிப்பதற்காக, விரல் கனத்தில் ஒரு கம்பி வளையம் ஓடும். கார் டயரில் அது மெல்லிசு, மெஷின் மென்று துப்பிவிடும். லாரி டயர் என்றால், பக்கத்தில் இருக்கும் கம்பி உருவும் மெஷினில் மாட்டி, வளையத்தைத் தனியே இழுத்து எடுத்த பிறகுதான் தொட்டிக்குள் போகவேண்டும். ஒரு நாள் அந்தக் கம்பி உருவும் மெஷினின் சிலிண்டர் எண்ணெயைக் கக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது. அதைக் கழற்றி வேறு ஊரில் இருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆளிடம் கொடுத்தனுப்பினால் மாசக் கணக்கில் இழுத்தடிப்பார்கள் என்று மனைவியே வேனில் ஏறிப் போவதாக முடிவானது. கிளம்புகிற முன்னால் எல்லோரையும் கூட்டி நிறுத்தினாள்.

“நான் வர்ற வரைக்கும் கார் டயர் மட்டும்தான். லாரி டயர் ஒண்ணுகூட உள்ள போகக்கூடாது. மெஷின் சிக்கிக்கிச்சுன்னா மெயினை இறக்கி, பூட்டு போட்டுட்டு நில்லுங்க. யாரும் உள்ள எறங்க வேணாம். நான் வந்து பாத்துக்கறேன்.”

சொல்லிவிட்டுக் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றினாள். அவர் கையை நீட்டவில்லை. ஆனாலும் நீட்டத் தயாராகத்தான் இருந்தார். அவள் அதைக் கொக்கியிடம் கொடுத்தாள்.

வேன் போன மறுநாள் காலையிலேயே கார் டயர்கள் தீர்ந்துவிட்டன. முற்றத்தில் லாரி டயர்கள் மட்டும் மலையாகக் கிடந்தன. முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டே அங்கும் இங்கும் நடந்தார். கெட்ட மனிதர் இல்லை. யாரையும் ஒருமையில் பேசமாட்டார். ஆனால் போன் அடித்தாலே பயப்படுகிற சுபாவம். கடைசியில் டீக் குடித்துக்கொண்டிருந்த அவரிடம் வந்து உட்கார்ந்தார்.

“மாமா, நாளைக்கு தொழிற்சாலை லாரி வருது. சொன்ன அளவுக்குத் துண்டு இல்லைன்னா வேற எடம் பாத்துடுவாங்க. நம்மள மாதிரி இன்னும் ரெண்டு பேர் காத்துக்கிட்டு இருக்காங்க.”

“அதுக்கு?”

“கொஞ்சம் கொஞ்சமா லாரி டயரையே போட்டுப் பாக்கலாமா? பழைய மெஷின்ல அப்படித்தான் போட்டுக்கிட்டு இருந்தோம். அக்கா ரொம்ப ஜாக்கிரதைக்காரங்க. நீங்க ரோட்டையே பாத்த ஆளு. ஒங்களுக்குத் தெரியாத மெஷினா?”

லைசென்ஸ் போனதிலிருந்து அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. ‘ஒங்களுக்குத் தெரியாத மெஷினா’ என்ற அந்த ஒரு வார்த்தை டீயைவிடச் சூடாக உள்ளே இறங்கியது. எழுந்து, மேடையில் ஏறினார். கொக்கி கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

“அக்கா வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க மாமா.”

“அக்காகிட்ட நான் பேசிக்கறேன். நீ டயரை அனுப்பு.”

கொக்கி முதலாளியைப் பார்த்தார். முதலாளி அலுவலக அறைக்குள் போய்விட்டிருந்தார். கொக்கி பல்குச்சியை வாயின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மாற்றிவிட்டு டயரை இழுக்கப் போனார்.

நன்றாகத்தான் ஓடியது. முதல் லாரி டயர் உள்ளே போனபோது மெஷின் ஒரு கணம் திணறி, மோட்டாரின் சத்தம் அடிக்குரலுக்கு இறங்கி, பிறகு கடித்து இழுத்துக்கொண்டது. மேடை அவர் காலுக்குக் கீழே அதிர்ந்தது. ஏற்றத்தில் முழு லோடோடு ஏறுகிற லாரி அப்படித்தான் அதிரும். அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மோட்டார் திணறும்போது டயரை நிறுத்தி, மூச்சு விட்டதும் அடுத்ததை அனுப்பி, கியர் மாற்றுகிற மாதிரியே ஓட்டினார். மத்தியானம்வரை குவியல் வளர்ந்துகொண்டே போனது. முதலாளி ஜன்னலில் வந்து கட்டை விரலைக் காட்டினார். அவள் திரும்பி வந்ததும் இதை எப்படிச் சொல்வது, சொல்லும்போது எங்கே நின்றுகொள்வது என்பதுவரை அவர் யோசித்து வைத்துவிட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு மெஷின் நின்றது. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அறுபடாத கம்பி வளையங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக, தண்டைச் சுற்றி நூல்கண்டு மாதிரி இறுகியிருந்தன. பின்பக்கமாகச் சுற்ற வைத்துப் பார்த்தார். ஒரு முனகல், அவ்வளவுதான். சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு, பெரிய கம்பி வெட்டும் கட்டரை எடுத்துக்கொண்டு தொட்டியின் பக்கக் கதவைத் திறந்தார்.

“மாமா, மெயினை இறக்கிட்டு, பூட்டு போட்டுட்டு எறங்குங்க” என்றார் கொக்கி.

“கதவைத் தொறந்தாலே கரன்ட் வராதுய்யா. ரெண்டு கம்பி. வெட்டிட்டு வந்துடறேன்.”

பற்களின்மேல் கால் வைத்து நின்றார். பூட்ஸ் வழியாகவே அவற்றின் கூர்மை தெரிந்தது. முதல் கம்பி அறுந்தது. இரண்டாவதும் அறுந்தது. மூன்றாவதைக் கட்டரின் வாயில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினார். அந்தக் கம்பிதான் மொத்தக் கண்டையும் இழுத்துப் பிடித்திருந்தது என்று அறுந்த பிறகுதான் தெரிந்தது. சவுக்கு மாதிரி ஏதோ ஒன்று முகத்தில் அடித்தது. அதே நேரத்தில் இறுக்கம் விட்ட தண்டு தானாகவே கால் சுற்று புரண்டு, கட்டரை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. இரும்பை இரும்பு கடிக்கிற சத்தம் கேட்டது. அவர் தொட்டியின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்றும் தெரியவில்லை. ஏற்கெனவே இல்லாத இடது பக்கத்தோடு வலது பக்கமும் போயிருந்தது. சூடாக ஏதோ கண்ணுக்குள் வழிந்து, கன்னத்தில் இறங்கியது. காலுக்குக் கீழே பற்கள். அவை நின்றிருக்கின்றனவா, மறுபடியும் நகரப் போகின்றனவா என்று தெரியவில்லை. கதவு எந்தப் பக்கம் என்றும் தெரியவில்லை. மழையிலும் பனியிலும், பிரேக் பிடிக்காத இறக்கத்திலும் வராத அளவுக்குப் பயம் அந்தக் கறுப்பு இருட்டில் அவரைப் பிடித்துக்கொண்டது.

“அசையாதீங்க மாமா.” கொக்கியின் குரல். ஓடுகிற சத்தம். மின்பெட்டியின் கைப்பிடி ‘தடக்’கென்று இறங்கியது. பூட்டு மாட்டுகிற சத்தம். “இறக்கிப் பூட்டிட்டேன். சாவி எங்கிட்ட இருக்கு. இப்ப என் கையைப் பிடிங்க.”

வெளியே வந்து தண்ணீரை ஊற்றிக் கழுவியபோது, மங்கலாக, சிவப்பாக, கொக்கியின் முகம் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்து அவருக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. புருவத்தில் நீளமான கிழிசல். கண்ணுக்கு ஒன்றுமில்லை. முதலாளி முகம் வெளிறிப்போய் அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்த் தையல் போட்டுக் கொண்டுவந்து வீட்டில் விட்டார். “அக்காகிட்ட நான் சொல்லிக்கறேன் மாமா” என்று இறங்கும்போதும் சொன்னார், ஏறும்போதும் சொன்னார்.

அவள் அன்று மாலையே சிலிண்டரோடு திரும்பிவிட்டாள். வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அவர் புருவத்தில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள்.

“என்ன ஆச்சு?”

“மேடைப் படில தடுக்கிட்டேன்.”

“ஏறும்போதா, எறங்கும்போதா?”

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “எறங்கும்போது” என்றார்.

அவள் விளக்கடியில் அவரை உட்கார வைத்து, தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். தன் சுண்டுவிரலை எடுத்து, கட்டின் கீழ் ஓரத்துக்கும் கண்ணுக்கும் நடுவே வைத்துப் பார்த்தாள். விரல் அங்கே முழுசாக நுழையவில்லை. அவள் உள்ளே போய், சாப்பாட்டை எடுத்து வைத்து, “சாப்பிடுங்க” என்றாள்.

மறுநாள் காலை ஷெட்டில் அவள் முதலில் செய்தது, மெயினை இறக்கித் தன் பூட்டைப் போட்டதுதான். சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினாள். வெகுநேரம் உள்ளேயே இருந்தாள். வெளியே வந்தபோது அவள் கையில் அந்தக் கட்டர் இருந்தது. அதன் ஒரு கைப்பிடி பல் பதிந்து, முறுக்கிய துணி மாதிரி இருந்தது. விசில் ஊதினாள். எல்லோரும் வந்து நின்றார்கள். முதலாளியும் அறையிலிருந்து வந்து கதவோரம் நின்றார்.

“இதை யாரு உள்ள கொண்டு போனது?”

கொக்கி கூரையைப் பார்த்தார். முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“நான்தான்” என்றார் அவர். ஷெட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் அவ்வளவு சின்னக் குரலில் பேசியதில்லை. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“மெயினை இறக்கினீங்களா?”

“இல்ல.”

“பூட்டு?”

“இல்ல.”

அவள் கட்டரைத் தரையில் வைத்தாள். “இந்த வாரம் முழுக்க உங்களுக்கு வேலை கெடையாது. அடுத்த வாரம் வாங்க.”

“அக்கா, நான்தான் போடச் சொன்னேன். மாமா மேல தப்பில்ல” என்றார் முதலாளி.

“தெரியும். உங்ககிட்ட தனியா பேசணும். இப்ப இவர்கிட்ட பேசிட்டிருக்கேன்.”

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே நடந்தார். வீடுவரைக்கும் யாரோ பின்னால் நடந்து வருகிற மாதிரியே இருந்தது. அன்று சாயங்காலம் அவள் வருவதற்காகவே காத்திருந்து, கதவைத் திறந்ததும் ஆரம்பித்தார்.

“நாலு பேர் முன்னாடி என்னை நிக்க வெச்சுட்ட.”

“நாலு பேர் முன்னாடிதான உள்ள எறங்கினீங்க.”

“நான் உன் புருஷன்.”

“அதனாலதான் நேத்து அதுக்கு மேல கேக்காம விட்டேன். நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்.” பையிலிருந்து புதுக் கட்டுத்துணியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். “வேற ஒருத்தன் எறங்கியிருந்தா அவனையும்தான் அனுப்பியிருப்பேன். உங்களை மட்டும் விட்டா, நாளைக்கு கொக்கி எறங்குவான். அவன் பொண்டாட்டிக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“வேலைய விட்டே நின்னுக்கறேன்.”

“அது உங்க இஷ்டம். உக்காருங்க, கட்டு மாத்தணும்.”

அந்த வாரம் அவர் வீட்டில் தனியாக இருந்தார். முதலில் கோபத்தில் போர்த்திக்கொண்டு படுத்தார். அப்புறம் சமையலறைக் குழாயில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரை நிறுத்தினார். அலமாரிக் கதவின் கீலைச் சரிசெய்தார். வேலை செய்கிற கை ஓய்ந்தபோது, வேண்டாம் என்றாலும் பழசெல்லாம் வந்தது. ஒரு மழைநாள். மலையிறக்கம். முன்சக்கரம் வழுக்கையாகி, ரப்பருக்கு அடியில் இருக்கிற நூலே வெளியே தெரிந்தது. கிளம்புகிற முன்னால் வண்டி முதலாளியிடம் அவர் சொல்லியிருந்தார். “இந்த ஒரு ட்ரிப் போயிட்டு வந்துடு, பாத்துக்கலாம்” என்றார் முதலாளி. அவரும் போய்விட்டு வந்தார். வந்து, அதையே ஒரு வீரமாக எத்தனையோ டீக்கடைகளில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார். அதற்குப் பின்னும் வேறு வேறு முதலாளிகள், வேறு வேறு டயர்கள். எல்லோரும் நல்லவர்கள். தீபாவளி பொங்கல் இல்லாவிட்டாலும் கையில் ஏதாவது திணித்து அனுப்புகிறவர்கள்தான். ஒருவர்கூட, ‘இன்னிக்கு எடுக்காதே, நில்லு’ என்று சொன்னதில்லை. அவர் அப்படி எதிர்பார்த்ததும் இல்லை. அந்த மழைநாளில் மலை இறங்குகிறபோது ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கை விறைத்துப்போய், கீழே வந்த பிறகும் விரல்கள் விரியாமல் இருந்தது மட்டும் எந்த டீக்கடையிலும் அவர் சொல்லாத பாகம்.

வாரக் கடைசியில் முதலாளி ஒரு பை நிறையப் பழங்களோடு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“அக்கா என்னை ரொம்பப் பேசிட்டாங்க மாமா. நியாயந்தான். ஆனா எனக்கும் நாலு எடத்துல பதில் சொல்ல வேண்டியிருக்கு. ஒண்ணு யோசிச்சேன். உங்களை சூப்பர்வைசரா போட்டுடறேன். அக்காவுக்கு மேல. எதுவா இருந்தாலும் நான் உங்ககிட்ட சொல்லிடறேன். நீங்க அக்காகிட்ட சொல்லிடுங்க. நீங்க சொன்னா அவங்க தட்ட மாட்டாங்க.”

அவர் ஒரு பழத்தை எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தார். பழைய குரல் தொண்டைவரை வந்துவிட்டது. ‘சூப்பர்வைசர்’ என்று தெருமுனைக் கடையில் சொல்லிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

“தம்பி, நான் ஓட்டின வண்டி முதலாளிங்க எல்லாரும் உங்களை மாதிரியே தங்கமானவங்க” என்றார். “அத்தனை பேர்ல ஒருத்தர்கூட என்னைப் பாத்து வண்டிய எடுக்காதன்னு சொன்னதில்ல. முதமுதல்ல ஒருத்திதான் சொல்லியிருக்கா. அவளுக்கு மேல என்னைக் கொண்டுபோய் ஒக்கார வெச்சா, நாளைக்கு நீங்க கேட்டதும் நான் சரின்னுதான் சொல்லுவேன். எனக்கு அது ஒண்ணுதான் பழக்கம்.”

முதலாளி பழப்பையைப் பார்த்தார்.

“எனக்கு வேற எதுனாச்சும் வேலை குடுங்க. அதையும் அவகிட்ட கேட்டுக் குடுங்க.”

அடுத்த வாரம் அவர் போனபோது, புருவம் ஆறுகிறவரை தூசியில் நிற்கவேண்டாம் என்று அவரை மனைவி வாசல் கேட்டில் போட்டிருந்தாள். நீளமான இரும்புக் குழாய்தான் தடுப்பு. வண்டி வந்தால் தூக்க வேண்டும், போனால் இறக்க வேண்டும். ஒரு ஸ்டூலும் நிழலும் இருந்தன. சிலிண்டர் மாட்டிய கம்பி உருவும் மெஷின் உள்ளே வேலை செய்வது அங்கேயே கேட்டது. கொக்கி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “கேட்டுக்கு ஏத்த ஹாரன்” என்றார். அவர் சிரித்தார். சிரித்தால் தையல் இழுத்தது.

பத்து மணி வாக்கில் தொழிற்சாலை லாரி துண்டு ஏற்ற வந்தது. ஏற்றி முடித்து, தார்ப்பாய் கட்டி, கேட்டை நோக்கி வந்தபோது அவர் குழாயைத் தூக்க எழுந்தார். கை அதைத் தூக்கத் தொடங்கியது. பாதியில் நின்றது. லாரியின் வலது முன்சக்கரத்தில், பக்கவாட்டில், ஒரு எலுமிச்சம்பழம் உள்ளேயிருந்து தள்ளுகிற மாதிரி ஒரு புடைப்பு. லோடு ஏறியதில் இன்னும் பிதுங்கியிருந்தது. அவர் குழாயை மறுபடியும் இறக்கினார்.

டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினான். தூக்கம் கெட்ட சிவந்த கண்கள்.

“என்ன பெரியவரே?”

“வண்டிய எடுக்காத. முன்சக்கரம் போயிருக்கு, வழியிலயே வெடிக்கும். எறங்கிப் பாரு.”

“தெரியும். போயிட்டு வந்து மாத்திக்கலாம்னு சொல்லியிருக்காங்க.”

“யாரு சொன்னது?”

“எங்க ஓனரு. நீங்க யாரு இங்க?”

“கேட்டு ஆளு” என்றார் அவர்.

டிரைவர் சிரித்தான். அப்புறம் சிரிக்கவில்லை. ஹாரனை அமுக்கிப் பிடித்தான். முற்றம் முழுக்க அது அலறியது. அவர் தடுப்புக் குழாயின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். முதலாளி அறையிலிருந்து செருப்பு போடாமல் ஓடி வந்தார். “என்ன மாமா, விடுங்க மாமா, அவங்க வண்டி, அவங்க பொறுப்பு. அங்க கேப்பாங்க, நேரமாச்சு.” அவர் சக்கரத்தைப் பார்த்துத் தாடையை மட்டும் ஆட்டிக் காட்டினார். முதலாளி அதைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், பையிலிருந்து போனை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

உள்ளே மோட்டார் சத்தம் இறங்கி, நின்றது. ஷெட் வாசலில் ஆட்கள் வந்து கூடினார்கள். அவர்களைத் தாண்டிக்கொண்டு அவள் வந்தாள், காதுக் கவசம் கழுத்தில் தொங்க, நடையில் அவசரம் இல்லாமல். நேராக லாரியின் முன்சக்கரத்துக்குப் போய், பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வலது கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாள். வெறுங்கையை டயரின் உச்சியில் வைத்து, மெதுவாகக் கீழ்நோக்கித் தடவிக்கொண்டே வந்தாள். ஹாரன் நின்றிருந்தது. டிரைவர் கதவைத் திறந்து படியில் ஒரு காலை வைத்து எட்டிப் பார்த்தான். அவள் உள்ளங்கை அந்தப் புடைப்பின்மேல் வந்ததும் நின்றது. காய்ச்சல் பார்க்கிற மாதிரி கையை அங்கேயே வைத்துக்கொண்டு, அவள் தலையைத் தூக்கி, டிரைவரைப் பார்த்து விரலை நீட்டித் தரையைக் காட்டினாள்.